மிளகின் அடியழுகல் நோயும் திசு வளர்ப்பு நாற்றுக்களும்

கண்ணாடிக் குழாயில் வளர்த்தெடுத்த மிளகு நாற்று எந்நோய்க்கும் ஆளாகாது என்று எண்ணுவோர் உண்டு. இவ்வெண்ணம் பாதி உண்மையேயாம். நோயற்ற நாற்று வேறு. நோயைத் தாங்கும் நாற்று வேறு. இவ்விரண்டின் பேதத்தை அறியாமல் பணம் செலவிட்டு நடுவோர், மூன்று நான்கு வருஷம் போற்றி வளர்த்த கொடிகளை ஒரே மழைக்காலத்தில் இழக்க நேரிடலாம். ஆதலின் இவ்விஷயத்தை இங்கு விளக்குவோம்.

நோயின் இயல்பு

மிளகுக்கு நேரும் கேடுகளில் தலையாயது அடியழுகல் நோய். இதனை விரைவாடல் என்றும் கூறுவர். வயநாட்டில் மிளகுக் கொடிகள் திரளாக மடிவது 1900-களின் தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது. இந்நோயை உண்டாக்குவது பைட்டாப்தோரா காப்சிசி என்னும் நுண்ணுயிர். காளானை ஒத்த இது மண்ணில் தங்கியிருந்து, ஈரம் மிகும்போது நீரில் நீந்திச் செல்லும் வித்துக்களை வெளியிடும். மழையில் மண் தெறிக்கும் கீழ் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். தரைமட்டத்தில் தண்டு தாக்குண்டால் இலைகளும் சரங்களும் உதிர்ந்து, கொடி சில வாரங்களிலேயே மாளும். மிகுந்த விளைவு தரும் பன்னியூர்-1 என்னும் கலப்பு ரகமும் இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது.

திசு வளர்ப்பின் பயன்

மிளகு வழக்கமாகத் தண்டுத் துண்டுகளைக் கொண்டே பெருக்கப்படுகிறது. நோய் கண்ட தோட்டத்துத் தண்டும், சுத்தமற்ற நாற்றங்கால் மண்ணும் நோயைப் புதுத் தோட்டத்திற்குச் சுமந்து செல்லும். இதைத் தவிர்க்கும்பொருட்டு, கொழுந்தின் நுனியைக் கத்தரித்து, கிருமிநாசினியில் அலம்பி, உப்புச் சத்துக்களும் சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கிகளும் சேர்ந்த கூழில் இட்டு வளர்க்கின்றனர். 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் வகுத்த அளவே இக்கூழுக்குப் பெரும்பாலும் அடிப்படை. மிளகில் இவ்வேலை எளிதன்று. தண்டினுள் மறைந்திருக்கும் பாக்டீரியாக்கள் வெளிப்பட்டுக் கூழைக் கெடுக்கும். வெட்டுவாயில் கசியும் சாறு கறுத்துத் துளிரை மாய்க்கும்.

இவ்வாறு பெறும் நாற்று தாய்க்கொடியின் இயல்பையே உடையது. தாய் நோயைத் தாங்காததாயின் சேயும் தாங்காது. தாயிடம் வைரஸ் நோய் இருப்பின் அதுவும் நாற்றில் தொடரக்கூடுமாகையால், தாய்க்கொடியைச் சோதித்தறிதல் அவசியம்.

தாங்கும் சக்தியைப் புதிதாகத் தேடுவதற்கு வேறொரு முறை உண்டு. திசுவை முதலில் உருவற்ற திரளாக வளர்த்து, அதிலிருந்து செடிகளை எழுப்பினால், அவற்றுட் சில தாயினின்றும் வேறுபடும். நோய்க்கிருமியை வளர்த்து வடித்தெடுத்த நச்சு நீரைக் கூழில் கலந்தால், தாங்கமாட்டாத திசுக்கள் மடிய, தாங்குவன எஞ்சும். கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தில் இம்முறை ஆராயப்பட்டுள்ளது. எனினும் வேறுபாடெல்லாம் நன்மையாகவே அமையும் என்பதில்லை. விளைவு குன்றிய செடிகளும் தோன்றும். குழாயில் தாங்கியது தோட்டத்தில் தாங்காமற் போகலாம். ஆகவே பல பருவங்கள் தோட்டத்தில் சோதித்த பின்னரே அத்தகைய செடியை நம்பலாகும்.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சக்தி, தேவம் என்னும் ரகங்கள் இந்நோயை ஓரளவு தாங்குவன. இவை குழாயிற் பிறந்தவையல்ல. முன்னது பேரம்பிரமுண்டி ரகத்தின் விதை நாற்றுக்களிலிருந்தும், பின்னது தேவமுண்டிக் கொடிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இத்தகைய தாயைத் திசு வளர்ப்பால் பெருக்கினால், சுத்தமும் தாங்கும் சக்தியும் ஒருங்கே கிட்டும்.

கவனிக்க வேண்டுவன

1. நாற்று வாங்குமுன் தாய்க்கொடியின் ரகத்தைக் கேட்டறிக. 'திசு வளர்ப்பு நாற்று' என்ற பெயர் மட்டும் போதாது.

2. தாங்கும் சக்தி என்பது நோயே அணுகாமை அன்று. கொடியின் அடியில் நீர் தேங்காதபடி வடிகால் அமைக்க.

3. மழைக்கு முன் தரையில் படரும் தண்டுகளை நீக்குக. நிழலை அளவாகக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் புகச் செய்க.

4. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்ற அளவில் தயாரித்த போர்டோ கலவையை மழை தொடங்குமுன் ஒரு முறையும், மழைக்காலத்தின் இடையில் வெயில் காணும்போது ஒரு முறையும் தெளிக்க.

5. மடிந்த கொடியை வேருடன் அகற்றி எரித்துவிடுக. அத்தோட்டத்திலிருந்து தண்டு எடுக்கலாகாது.

ஒருவர் தோட்டத்தில் கண்ட நோய் நீரோடும் வழியே அயலார் தோட்டத்தையும் சேரும். ஆதலால் நோய் தோன்றியதும் நிலச்சுவான்தார்கள் அதனை மறையாது கூறுதலும், கிராம அதிகாரிகள் தோட்டக்கலை இலாகாவினருக்குத் தாமதமின்றித் தெரிவித்தலும் ஊரார் அனைவருக்கும் நன்மை பயக்கும்.