முதலில் உலர்புல், பிறகுதான் அருகம்புல்

கினிப்பன்றி வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வைக்கோல் எவ்வளவு போடலாம்?" என்பதுதான். பாக்கெட்டில் 'ஹே' என்று போட்டிருப்பதை நாமே வைக்கோலாக்கிக்கொண்டதால் வந்த வினை இது. வைக்கோல் நெல்லை அடித்த பிறகு மிஞ்சும் தாள். முரடு அதிகம், சத்து குறைவு. கூண்டில் விரிக்கலாம், சாப்பாடாகாது. கினிக்கு வேண்டியது பதமாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல். கடையில் 'டிமோத்தி' என்று கேளுங்கள். பச்சையாக இருக்கிறதே என்று காய்ந்த குதிரைமசாலை அள்ளி வராதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த கினிக்கு மூத்திரப்பையில் கல் சேர இடம் கொடுக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் மட்டும் அது சரி.

கூண்டிலிருந்து வெளியே விடும் நேரத்தை 'விளையாட்டு நேரம்' என்று நினைத்து வெறுந்தரையில் விட்டுவிடுகிறார்கள். கினிக்கு விளையாட்டெல்லாம் இரண்டாம்பட்சம்தான். அதன் பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், மென்று தேய்த்தால்தான் அளவில் நிற்கும். குடலும் அப்படித்தான், உள்ளே ஏதாவது போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். அதனால் வெளியே விடும் ஒரு மணி நேரமும் சாப்பாட்டு நேரமே.

இடம்: கூடத்துத் தரை போதும். மின்கம்பிகளை மேலே தூக்கிக் கட்டுங்கள். வலை போடாத மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். காக்கைக்கும் பூனைக்கும் அது விருந்து. வெயிலும் பொல்லாதது. ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் பிராணி இது, உடம்பில் வியர்க்காது. 27 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். சென்னையில் காலை ஏழு மணிக்குள் மாடியை முடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மாடிப்பக்கமே போகாதீர்கள்.

சுவரோரம் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்து, அதன் மேல் இரண்டு கை உலர்புல்லைக் குவியுங்கள். நடுக்கூடத்தில் வைத்தால் வராது, திறந்தவெளி என்றால் அதற்குப் பயம். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் வைத்தால் எங்கள் வீட்டுச் சுண்டல் உள்ளே போய் வழியை மறித்துக்கொள்வான், புட்டு வெளியே நின்று கத்துவான். தின்னும் இடத்திலேயே புழுக்கை போடும் சாதி இது. முடிந்ததும் தாளைச் சுருட்டினால் வீடு சுத்தம்.

இனிதான் எல்லாரும் சறுக்கும் இடம்: பச்சைப்புல்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல் கட்டு மலிவாகக் கிடைத்ததென்று நான்கு கட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, மாலையில் இரண்டு பேருக்கும் அள்ளிப் போட்டேன். அதுவரை அவர்கள் உலர்புல்லையே தின்று வளர்ந்தவர்கள். மறுநாள் புட்டு முடி சிலிர்த்து மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். புழுக்கை கூழாக இருந்தது. செய்த தப்பு இரண்டு. பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரே நாளில் அத்தனை கொடுத்தது ஒன்று, பைக்குள் புழுங்கிப்போன புல்லைக் கொடுத்தது இன்னொன்று.

புல்லைப் பார்த்து வாங்காதீர்கள், தொட்டு வாங்குங்கள். கட்டுக்கு நடுவில் விரலை விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அது உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது, குப்பைக்குத்தான். புல்வெட்டும் இயந்திரம் நசுக்கித் தள்ளிய புல்லும் இதே கதை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நாய் கால் தூக்கும் சாலையோரத்துப் புல், மருந்தடித்த பூங்காப் புல், இரண்டையும் தொடாதீர்கள். இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு சாகும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த நஞ்சு கினியையும் விடாது. பார்த்தீனியம், அரளி, உன்னி இலை ஏதாவது கட்டில் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை உதறிப் பாருங்கள்.

பழக்கும் முறை இதுதான். முதலில் கால்மணி நேரம் உலர்புல் மட்டும். வயிறு பாதி நிறைந்த பிறகுதான் பச்சைப்புல் கண்ணில் படவேண்டும். முதல் மூன்று நாள் ஆளுக்கு ஐந்தாறு இழை. புழுக்கை கெட்டியாக, நீள்உருண்டையாக இருந்தால் அடுத்த மூன்று நாள் அதை இரட்டிப்பாக்குங்கள். இப்படியே ஏற்றி, இரண்டு வாரத்தில் ஒரு கைப்பிடிக்கு வாருங்கள். நடுவில் புழுக்கை இளகினால் புல்லை நிறுத்தி, உலர்புல்லும் தண்ணீரும் மட்டும். ஒரு மாதம் இடைவெளி விட்டுவிட்டால் மறுபடி ஐந்தாறு இழையிலிருந்துதான் தொடங்கவேண்டும். "போன வருஷம் தின்றதே" என்ற சமாதானம் குடலுக்குத் தெரியாது.

என் குறுக்குவழி ஒன்று உண்டு. அகலமான இரண்டு பிளாஸ்டிக் தட்டில் அருகம்புல் வேரை நட்டு பால்கனியில் வைத்திருக்கிறேன். நான்கு விரற்கடை வளர்ந்ததும் தட்டையே தரையில் இறக்கிவிடுவேன், அவர்களே இழுத்துக் கடித்துத் தின்பார்கள். பழகும் காலத்தில் மட்டும் எண்ணிக் கிள்ளிக் கொடுங்கள். ஒரு தட்டு மேய்ச்சலில் இருக்கும்போது இன்னொன்று வளரும். மிஞ்சும் புல்லை நிழலில் உலர்த்தி, தண்டு 'டக்'கென்று ஒடிந்த பிறகு துணிப்பையில் போடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையில் இறங்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

வைட்டமின் சி கினியின் உடம்பில் தானாக ஊறாது. பச்சைப்புல்லில் கொஞ்சம் கிடைக்கும், அதை மட்டும் நம்பாமல் தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள்.

திரும்பக் கூண்டுக்குள் விடத் துரத்திப் பிடிக்கவேண்டாம். கூண்டில் புதிதாக உலர்புல்லை வைத்து, பையைச் சரசரவென்று ஆட்டுங்கள். வீச்வீச்சென்று கத்திக்கொண்டு தானாக வரும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அரை நாள் எதையும் கொறிக்காமல் கிடந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள், அன்றைக்கே சிறுபிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கிறதென்று பென்சிலின் வகை மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், கினிக்கு அது உயிருக்கே ஆபத்து. போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.