செய்தி வாசித்த கோவைத் திருநங்கை

கேள்வி: தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதல் திருநங்கை கோவையைச் சேர்ந்தவரா?

பதில்: ஆம். பத்மினி பிரகாஷ் இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளராகப் பரவலாக அறியப்படுகிறார். 2014 ஆகஸ்ட் 15 அன்று, கோவையிலிருந்து ஒளிபரப்பான லோட்டஸ் நியூஸ் தொலைக்காட்சியின் இரவு 7 மணிச் செய்தியில் முதன்முறையாகத் தோன்றினார்.

குடும்பம் ஏற்காததால் 13 வயதில் வீட்டைவிட்டு வெளியேறியவர் அவர். அஞ்சல்வழியில் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தும், பணமுடையால் இரண்டு ஆண்டுகளில் அதை நிறுத்த நேர்ந்தது. பரதநாட்டியம் கற்று, பிறருக்கும் கற்பித்தார். திருநங்கையர் அழகிப் போட்டிகளில் வென்றார். சின்னத்திரைத் தொடரிலும் நடித்தார். திருநங்கையரின் உரிமைகளுக்காகக் குரல்கொடுத்தும் வந்தார். தெளிவான உச்சரிப்புக்கும் தடுமாறாத வாசிப்புக்கும் பயிற்சி பெற்ற பிறகே செய்தி மேசைக்கு வந்தார்.

இதற்கான களம் முன்பே உருவாகியிருந்தது. 2008இல் விஜய் டிவியின் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் திருநங்கை ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கினார். பேசத் தயங்கும் சமூகச் சிக்கல்கள் அதில் விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டில் தமிழக அரசு திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி அங்கீகரித்து, கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இடஒதுக்கீடு வழங்க அரசுகளுக்கு உத்தரவிட்டது. அத்தீர்ப்பு வந்து சரியாக நான்கு மாதங்களில் பத்மினி செய்தி வாசித்தார். இரவலர்களாகவும் கேலிப் பாத்திரங்களாகவுமே பெரும்பாலும் திரையில் காட்டப்பட்டு வந்தவர்களில் ஒருவர், நாட்டு நடப்பைச் சொல்லும் பொறுப்பை ஏற்றது அப்போதுதான்.