சூரியப் புயலுக்குக் கூண்டு ஏற்ற முடியுமா?

கேள்வி: 'இன்றிரவு சூரியப் புயல் தாக்கப்போகிறது, செல்போனை அணைத்து வையுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. கடலில் புயல் என்றால் முன்கூட்டியே துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். சூரியப் புயலை அப்படிச் சொல்ல முடியாதா? ஜிபிஎஸ் வைத்துத்தான் தொழிலுக்குப் போகிறோம். அதைப் பாதிக்குமா?
- விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி

பதில்: செல்போனை அணைக்க வேண்டாம். அந்தச் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாமல் இருந்தாலே போதும்.

சூரியனில் வெடிப்பு நடந்தால் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். பகலாக இருக்கும் பகுதியில் சிற்றலை வானொலி சிறிது நேரம் அமுங்கும். கவலைப்பட வேண்டியது, சில வெடிப்புகளோடு கிளம்பும் பிளாஸ்மா மேகத்தைப் பற்றித்தான். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வந்து சேரும். கிளம்புவதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, வரும் நேரத்தையும் சொல்லிவிடலாம். பல மணி நேரம் முன்பின் ஆகும்.

ஆனால் வந்து சேரும் மேகம் பலமாக அடிக்குமா, சும்மா கடந்து போகுமா என்பது பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலத்தின் திசையைப் பொறுத்தது. வடக்கு நோக்கி இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு பின்னிக்கொண்டு ஆற்றலை உள்ளே கொட்டும். இந்தத் திசை படத்தில் தெரியாது. மேகம் வந்து கருவியைத் தொட வேண்டும். அந்தக் கருவிகள் இருப்பது, சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்1 புள்ளியை ஒட்டி. நம் ஆதித்யா எல்1 விண்கலமும் 2024 ஜனவரி முதல் அங்கேதான் சுற்றுகிறது. விநாடிக்கு 500 கி.மீ. வேகத்தில் வரும் மேகம் அங்கிருந்து நம்மை எட்ட 50 நிமிடம், 1000 கி.மீ. என்றால் 25. உறுதியாகச் சொல்லக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். 15 கோடி கி.மீ. பாதையில் காவல் இருப்பது கிட்டத்தட்ட வாசலில்.

2024 மே மாதம் அமெரிக்க விண்வெளி வானிலை மையம் ஜி4 என்று எச்சரித்தது. வந்ததோ ஜி5, அளவுகோலின் உச்சம். அடுத்தடுத்துக் கிளம்பிய மேகங்கள் வழியில் ஒன்று சேர்ந்துவிட்டன. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் அப்போது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் துல்லியத்தை நம்பி ஓட்டிய டிராக்டர்கள் பல இடங்களில் நின்றுபோயின.

உங்கள் கதை வேறு. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே சூரியப் புயல் இல்லாத நாளிலும், குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டி, பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் குழம்பும். அதைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும், இடம் சில மீட்டர் தள்ளிக் காட்டும். நடுக்கடலில் அது பொருட்டே இல்லை. இருட்டிய பிறகு துறைமுக வாயிலில் நுழையும்போதும் பாறை ஓரமாக வரும்போதும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். கலங்கரை விளக்கையும் பாருங்கள். காம்பஸை நம்பலாம். பெரும்புயல்கூட நம் பக்கத்தில் அதை ஒரு பாகை அசைப்பது அரிது.