மழையின் அளவும் பெய்யும் முறையும்

வருங்கால மழையைக் கணினியிற் கணித்துரைக்கும் முறைகள் காலநிலை மாதிரிகள் எனப்படும். அவற்றின் கணிப்பைச் செய்மதி அவதானிப்புடன் ஒப்பிட்டே சோதித்தல் வேண்டும். 2006 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கிளவுட்சற் என்னும் செய்மதி, முகிலையும் மழையையும் றேடாரினால் அளந்தது. அவ்வளவுகளுடன் மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2010 இல் வெளியாயிற்று. கடல்களின் மேல் மொத்த மழையளவு ஏறத்தாழப் பொருந்தியது. பெய்யும் முறையோ பிழைத்தது. மாதிரிகள் உண்மையிலும் ஏறக்குறைய இருமடங்கு தடவை, மெல்லிய தூறலாக மழையைக் காட்டின.

கமக்காரருக்கு இவ்வேறுபாடு பெரிதாகும். பத்து நாளும் 5 மில்லிமீற்றர் வீதம் பெய்தால் மிளகாய்க் கன்று தழைக்கும். அதே 50 மில்லிமீற்றர் ஒரே நாளிற் கொட்டினால் மேட்டுநில மண் அரிபடும். எஞ்சிய நாட்களிற் கன்று வாடும். இப்பிழையைக் களைய, முகில் மழையாகும் விதத்தை மாதிரிகளில் விஞ்ஞானிகள் திருத்தி வருகின்றனர். ஆதலால், போகத்துக்குரிய மொத்த மழையளவை மட்டும் நம்பி விதைத்தலாகாது. மழை பெய்யும் நாட்களையும் கணக்கிற் கொள்க.