படம் தெளிவா, மங்கலா?

ஆவணி மாதம். செம்பூரில் ஒரு கல்யாணம். தாராவியில் இருந்து ஒரு தம்பி அங்கே படம் எடுக்கப் போனார்.

அவர் பதினொரு வருடம் கல்யாண வீடுகளில் லைட் பிடித்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. பெரியவரான பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தார். தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பழைய நைக்கான் கேமரா வாங்கினார். கோட்டைப் பகுதியில் போரா பஜார் இருக்கிறது. கேமராக் கடைகள் நிறைந்த தெரு அது. அங்கேதான் வாங்கினார்.

அன்று மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டினார். தம்பி படம் எடுத்தார். கேமராவின் பின்னால் உள்ள சின்னத் திரையில் பார்த்தார். படம் நன்றாக இருந்தது. சந்தோஷமாக அடுத்த படத்துக்குப் போனார்.

பத்து நாள் கழித்து ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பெண்ணின் முகம் மங்கல். பின்னால் நின்ற அத்தையின் சேலைக் கரை மட்டும் பளிச்சென்று இருந்தது. சரிகை நூலைக்கூட எண்ணலாம்!

பெண்ணின் அம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா தம்பி?"

தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வேலைக்குக் கூலியும் பாதிதான் கிடைத்தது. கூலி போனதை விட அந்தக் கேள்விதான் அவரை வாட்டியது.

சின்னத் திரையில் தெளிவாகத் தெரிந்த படம், ஆல்பத்தில் ஏன் மங்கியது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிஜிட்டல் படம் என்பது புள்ளிகளால் ஆன கோலம். தம்பியின் கேமரா எடுக்கும் படத்தில் அகலவாட்டில் 6,000 புள்ளிகள். உயரவாட்டில் 4,000 புள்ளிகள். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். கேமராவின் திரை மூன்று அங்குலம்தான். அதில் 640 புள்ளிகள் அகலம், 480 புள்ளிகள் உயரம். பெருக்கினால் 3,07,200. அப்படியானால் படத்தின் 78 புள்ளிகளுக்கு மேல் சேர்ந்துதான் திரையில் ஒரு புள்ளி ஆகிறது. மங்கல் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். தூரத்தில் இருந்து பார்த்தால் அம்மை வடு உள்ள முகமும் வழுவழுப்பாகத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெரிதாக்க ஒரு பட்டன் உண்டு. பூதக்கண்ணாடி படம் போட்டிருக்கும். ஆனால் அதை ஐந்தாறு முறை அழுத்த வேண்டும். பிறகு முகம் எங்கே என்று அம்புக்குறிப் பட்டனால் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் அட்சதை விழுந்துவிடும், மெட்டி போட்டுவிடுவார்கள். அதனால்தான் தம்பி பெரிதாக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவர் மேல் முழுக்கவும் தப்புச் சொல்ல முடியாது.

மாதுங்காவில் ஓர் அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலிக்காரர். பிலிம் காலத்தில் இருந்தே படம் எடுப்பவர். பூக்கடைகளுக்குப் பக்கத்தில் டீ குடிக்கும்போது தம்பி அவரிடம் நடந்ததைச் சொன்னார்.

"கேமராவைக் கொண்டா பார்ப்போம்" என்றார் அண்ணாச்சி. "ஏம்ல, எல்லாம் இங்கிலீஷ்ல வச்சிருக்க?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எதையாவது அமுக்கிக் கெட்டுப்போயிட்டா என்ன செய்யன்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சி மெனு பட்டனை அழுத்தினார். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. ஸ்பேனர் படத்துக்குப் போனார். அங்கே மொழிகளின் பட்டியல் இருந்தது. இந்தி இருந்தது. மராத்தி இருந்தது. தமிழும் இருந்தது! தமிழைத் தேர்ந்தெடுத்தார். திரை முழுவதும் தமிழ் எழுத்து வந்தது. தம்பி எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். டீ ஆறிப்போனது. இத்தனை நாள் கையில் இருந்த கேமராவை அன்றைக்குத்தான் அவர் முதல்முறை படித்தார்.

நைக்கான் கேமராக்கள் பலவற்றில் இப்படித் தமிழ் உண்டு. வாங்கும்போது மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

"இப்ப பென்சில் படத்துக்குப் போ" என்றார் அண்ணாச்சி. "எந்தப் பட்டன் என்ன வேலை செய்யணும்னு அங்க நீயே சொல்லலாம்."

பட்டன்களைப் பற்றிய பகுதியைத் தம்பி தேடிப் பிடித்தார. அதில் நடுவில் உள்ள ஓகே பட்டனைத் தேர்ந்தெடுத்தார். படம் பார்க்கும் நேரத்தில் அந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேமரா கேட்டது. பெரிதாக்கு என்று வைத்தார். எவ்வளவு பெரிதாக என்று கேட்டது. மூன்று அளவுகள் இருந்தன. நடு அளவை வைக்கச் சொன்னார் அண்ணாச்சி.

வேலை முடிந்தது. இனி ஓகே பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும். எந்த இடத்தில் போகஸ் வைத்தோமோ அந்த இடமே திரையில் பெரிதாக வந்து நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் முழுப்படம் வரும். தேட வேண்டியதில்லை. இரண்டே நொடிதான்.

கேனன், சோனி கேமராக்களிலும் பலவற்றில் இந்த வசதி உண்டு. போகஸ் வைத்த இடத்தில் இருந்து பெரிதாக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். விலை குறைந்த சில கேமராக்களில் மட்டும் இருக்காது.

"பெரிசாக்கி எதைப் பார்க்கணும் அண்ணாச்சி?"

"கண்ணைப் பாரு. இமை முடி தனித்தனியாத் தெரியுதா? தெரிஞ்சா படம் சரி. தெரியலன்னா ஏன் தெரியலன்னு பாரு."

மங்கலிலும் வகை உண்டு. முகம் மங்கி, பின்னால் உள்ள சேலை தெளிவாக இருந்தால் போகஸ் தவறு. போகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் நகர்த்த வேண்டும். படம் முழுக்க ஒரே பக்கமாக இழுத்தது போல இருந்தால் நம் கை ஆடியிருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முகம் தெளிவாக இருந்து, மாப்பிள்ளையின் கை மட்டும் மங்கினால் அவர் கை ஆடியிருக்கிறது. அப்போது ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்த ஷட்டரை, 250-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்க வைத்தால் கை நின்றது போல விழும்.

"இன்னொண்ணு. ஒவ்வொரு படத்துக்கும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்காத. நீ குனியுற நேரத்துலதான் தாலி கட்டுவாங்க. முன்னாடியே ரெண்டு படம் எடுத்துப் பாத்துச் சரி பண்ணிக்க. அப்புறம் வெளிச்சம் மாறினாப் பாரு."

தை மாதம் பிறந்தது. தாராவியில் 90 அடி சாலையில் பொங்கல். தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அதில் பலர். பத்திரிகைக்காரர்களும் கேமராவோடு வருவார்கள்.

தம்பியும் போனார். எங்கும் புகை. ஒரு பெரியம்மாவின் பானையில் நுரை கட்டியது. பொங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தம்பி ஒரு படம் எடுத்தார். ஓகே பட்டனை அழுத்தினார். பானை மங்கல். பின்னால் சாத்தியிருந்த கரும்பு தெளிவு. அதே பழைய தவறு!

போகஸ் புள்ளியைப் பானையின் விளிம்புக்கு நகர்த்தினார். இன்னொரு படம் எடுத்து அழுத்தினார். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் நரம்பு தெரிந்தது.

அதற்குள் பால் எழும்பியது. "பொங்கலோ பொங்கல்!" என்று தெருவே கூவியது. பெண்கள் குலவையிட்டார்கள். தம்பி குனியவில்லை. ஏழெட்டுப் படம் எடுத்தார். எல்லாம் அடங்கிய பிறகுதான் பட்டனை அழுத்தினார். பானையின் கழுத்தில் வழிந்த பால் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"பானை நல்லா விழுந்திருக்கு. நான் எங்கப்பா?"

தம்பி சிரித்துக்கொண்டே பட்டனை மறுபடி அழுத்தினார். முழுப்படம் வந்தது. பானைக்கு மேலே, புகைக்கு நடுவே பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.