கம்பெனி பஸ் ஓடும் ஊரில் கார் வாங்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி நான். வீடு படப்பையில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கம்பெனி பஸ் உண்டு, ஓ.டி. பார்த்தால் அது கிடைக்காது. அதனால் பைக்கில்தான் போய்வருகிறேன். இரவில் டிரெய்லர்களுக்கு நடுவே வருவதை நினைத்து மனைவி பயப்படுகிறார். தவணையில் கார் வாங்கிவிடலாமா? சைக்கிள், பஸ் எல்லாம் சென்னைக்குள் இருப்பவர்களுக்குத்தானே ஐயா சரிப்படும்?
- வாசகர், படப்பை

பதில்: உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஓடுகிற டிரெய்லரைவிட, விளக்கே இல்லாமல் சாலையோரம் நிறுத்தியிருக்கும் டிரெய்லர் ஆபத்தானது. தூக்கக் கலக்கத்தில் வருபவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். ஆகவே இரவில் பைக் வேண்டாம். ஆனால், காரில் வந்தாலும் அதே தூக்கம், அதே டிரெய்லர்தான். ஆறு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 12,450 ரூபாய். பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் தனி. அந்தத் தவணையைக் கட்டவே நீங்கள் இன்னும் கூடுதலாக ஓ.டி. பார்க்க வேண்டிவரும்.

சைக்கிளும் பஸ்ஸும் சென்னைக்குள் இருப்பவர்களுக்குத்தான் என்கிறீர்கள். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010 முதல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார் செய்தே வளர்ந்த பகுதி உங்களுடையது. அந்தக் கார்களைச் செய்கிறவர்களில் பெரும்பகுதியினர் வேலைக்கு வருவது பஸ்ஸில்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் நின்றால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போவதைப் பார்க்கலாம். பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக்கு மட்டுமே என்பதுதான் கோளாறு. ஓ.டி. முடித்து நிற்கும் உங்களைப் பக்கத்துக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளாது. பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சொந்தக் கம்பெனி பஸ்ஸிலேயே இடமில்லை. சிப்காட் தொழிற்பூங்கா அளவில் கம்பெனிகள் கூடிப் பேசி இந்த பஸ்களைப் பொதுவாக ஓட்டினால், இதே செலவில் இன்னும் எத்தனையோ பேர் பத்திரமாக வீடு சேர்வார்கள். மாநகரப் பேருந்துகளின் நேரத்தையும் ஷிப்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

தங்குமிடமும் இதில் சேர்த்திதான். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். வீடு வேலைக்கு அருகில் வந்துவிட்டால் பயணத்தின் பெரும் சிக்கல் தீர்ந்துவிடும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும் அப்படிக் குறைந்த வாடகை வீடுகள் தேவை. பரந்தூர் மெட்ரோவும் ஆவடி-ஸ்ரீபெரும்புதூர்-கூடுவாஞ்சேரி ரயில் பாதையும் வரட்டும். அவற்றை நம்பி இன்றைய முடிவை எடுக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஓ.டி. இல்லாத நாட்களில் கம்பெனி பஸ்ஸிலேயே போய்வருவது; வீட்டிலிருந்து ஸ்டாப்பிங் வரையுள்ள அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் வைத்துக்கொள்வது. கியர் இல்லாத சாதாரண சைக்கிள் போதும். பின்னால் சிவப்பு விளக்கும் நல்ல பூட்டும் அவசியம். தெருவுக்குள் மட்டும் ஓட்டுங்கள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் தடுப்போடு தனிப்பாதை வரும்வரை, அங்கே சைக்கிளில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

மீதி இருப்பது ஓ.டி. நாட்கள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தருவது சட்டம்; கம்பெனியின் பொறுப்பு அதோடு முடிந்துவிடுவதில்லை. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்த காயமாகக் கருதும் பிரிவு, 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வீடு திரும்பும் சாலையும் வேலையோடு சேர்ந்ததுதான் என்று சட்டமே ஏற்ற பிறகு, ஓ.டி. முடிந்து போக ஒரு வேன் கேட்பது சலுகை கேட்பதாகாது. சங்கத்தின் மூலம் அதை எழுத்தில் கேளுங்கள். உங்களோடு அதே லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்தே கேளுங்கள்.