வாசனை பார்த்தாயா?

கண்ணு,

ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்ன அன்றே பேரணாம்பட்டில் நம் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. “புற்றுநோயில் மரபணு எப்படி வாயடைத்துப் போகிறது என்று படிக்கப் போகிறாள்” என்கிறாள் உன் அம்மா. தப்பாகச் சொல்லவில்லை. அதே வேலையில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தப்பு செய்து ஓய்வு பெற்ற அத்தை நான் சிலது சொல்கிறேன்.

1. அழிந்தது வேறு, அடங்கியது வேறு. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற எழுத்தை அடுத்துக் குவானின் வரும் இடங்களில், சைட்டோசின்மேல் ஒரு மெத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். எழுத்து மாறுவதில்லை. ஆனால் மரபணுவின் தலைவாசலில் இவை நெருக்கமாக ஒட்டிவிட்டால் அதைப் படிக்க வரும் புரதங்கள் திரும்பிப் போகும். வேறு புரதங்கள் வந்து அந்த இழையைச் சுருட்டி இறுக்கும். செல் பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே இடத்தில் குறி வைக்கும். உன் தாத்தா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் துளையிட்டு அடையாளம் போடுவார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, குரோம் டிரம்மில் சுழன்று, நீலமாக வெளியே வந்தாலும் துளை அப்படியே இருக்கும். முதல் வருஷத்தில், செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் பி16 மரபணு ஒரு புற்றுச் செல்லில் பேசவில்லை என்றதும் “மரபணுவே இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். இருந்தது. கதவு சாத்தியிருந்த வீட்டை ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டேன்.

2. சந்தோஷம் வந்தால் உடனே சந்தேகப்படு. எந்தச் சைட்டோசினில் மெத்தில் இருக்கிறது என்று பார்க்க நாம் பைசல்பைட் போடுகிறோம். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும், மெத்தில் உள்ளது மாறாமல் நிற்கும். மரியான் ஃப்ரோமரும் கூட்டாளிகளும் 1992இல் காட்டிய வழி அது. 1990களின் கடைசியில் பதினாறு மணி நேரம் ஐம்பது டிகிரிச் சூட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒருமுறை எல்லா மாதிரியிலும், எல்லா இடத்திலும் மெத்தில்! உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறது என்று அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்த வாரம் ஊருக்கு வந்து நைனாவிடம், அதாவது உன் தாத்தாவிடம், பெருமையாகச் சொன்னேன். எட்டாம் வகுப்புகூடத் தாண்டாத மனுஷன். பைசல்பைட் என்ற பேரைக் கேட்டதும், “மெட்டா மாதிரியா? வாசனை பார்த்தாயா?” என்றார். சுண்ணாம்பு எடுக்கும் கட்டத்தில் டிரம்மில் மெட்டா பைசல்பைட் போடுவார்கள். மூக்கை அறுக்கும் நெடி அடிக்கும். மூட்டை திறந்தே கிடந்து காற்றுப்பட்டால் நெடி போகும், கூடவே குணமும் போகும். திரும்பிப் போய் என் பாட்டிலை முகர்ந்தேன். நெடியே இல்லை. ஒரு சைட்டோசின்கூட மாறவில்லை, மாறாததையெல்லாம் மெத்தில் என்று எண்ணியிருக்கிறேன். மெத்தில் இல்லவே இல்லாத டி.என்.ஏ. ஒன்றைக் கூடவே வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் ஒரு சோதனையும் செய்ததில்லை. இப்போது கிட் வந்துவிட்டது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிறது. முகரவாவது செய்.

3. பாதிக் கதையை முழுக்கதையாகச் சொல்லாதே. மெத்தில் ஏறி மரபணு அடங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் 1983இல் முதலில் கண்டது தலைகீழ்: புற்றுச் செல்லில் சில மரபணுக்களில் மெத்தில் குறைந்திருந்தது. மொத்தத்தில் குறைகிறது, சில வாசல்களில் மட்டும் குவிகிறது. இரண்டும் ஒரே செல்லில்.

4. ஓங்கி அடிக்காதே. அசாசைட்டிடின் 1964இல் பிராகில் செய்த மருந்து. முதலில் செல்லைக் கொல்லும் விஷமாக அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள், நோயாளிகள் தாங்கவில்லை. 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் அது மெத்தில் குறியை ஏறவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். எலிக் கருவின் செல்கள் தசையாக மாறின! அளவைக் குறைத்து, நாளை நீட்டிக் கொடுத்த பிறகே 2004இல் அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது வருஷம். உனக்கு ஆறு மாதத்தில் முடிவு வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து அழாதே. சரி, அழுதாலும் எடுப்பேன்.

5. ஊரில் கேட்பார்கள், “ஷாப்பு வேலையால்தான் புற்று வந்ததா?” என்று. இதற்குப் பதில் சொல்லத்தான் ரொம்ப நாள் பழக வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்று உண்டாக்கும், அதில் சந்தேகமில்லை. ஜப்பானில் குரோமேட் ஆலையில் வேலை செய்தவர்களின் நுரையீரல் புற்றில் பி16 மெத்தில் ஏறி அடங்கியிருந்ததை 2006இல் எழுதினார்கள். ஆனால் டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மேடு வேறு கதை. தோல் ஷாப்புக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்த நியாயம் நம் பக்கம். அதனால் மட்டும் ஒருவர் நுரையீரலில் இருப்பது எதனால் என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஷாப்பில் உழைத்த கையே பீடியும் பிடித்தது, இங்கே பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றித்தானே குடும்பம் ஓடியது? புகைப்பவர்களின் சளியிலும் பி16 மெத்தில் இருப்பதை 1998லேயே கண்டார்கள். அடங்கிய மரபணு, தன்னை யார் அடக்கினார்கள் என்று எழுதி வைப்பதில்லை. நான் ஒருமுறை எதிர்வீட்டு அக்காவிடம் ஷாப்புதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். மறுமாதமே மகனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். வேறு வேலை கிடைக்க அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது. ஆதாரம் இருந்திருந்தால் சரி. என்னிடம் கோபம்தான் இருந்தது.

6. குழாயில் எண் ஒட்டியிருக்கும், பேர் இருக்காது. விடியற்காலை பஸ் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து, சாப்பிடாமல் வரிசையில் நின்றவர் கொடுத்த துண்டு அது. “இதனால் எனக்கு என்ன, பாப்பா?” என்று கேட்பார். மூளைக் கட்டியில் எம்.ஜி.எம்.டி. மரபணுவில் மெத்தில் இருந்தால் டெமோசோலமைட் என்ற மருந்துக்கு நோய் நன்றாகக் கேட்கும் என்று 2005இல் தெரிந்தது. அப்படியொன்று கையில் இருந்தால் சொல். இல்லாவிட்டால் “உங்களுக்கு இல்லைங்க, பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கலாம்” என்று உண்மையைச் சொல். நான் கேட்டவர்களில் ஒரே ஒருவர்தான் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனார்.

பொங்கலுக்கு வரும்போது உன் முதல் ஜெல் படத்தைக் கொண்டு வா. கறுத்துப் போய் ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, என்னுடையதும் பெட்டியில் இருக்கிறது.